முதுகில் நாலு பேடு

வெள்ளிக்கிழமை. மாலை ஏழே கால். பல்லாவரம் சந்தை கலைந்துவிட்ட நேரம்...

சந்தை நடக்கும்போது அந்த ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் கலைந்த பிறகு போய்ப் பாருங்கள். அதே ரோடா என்று இருக்கும். உருண்டு போகும் பிளாஸ்டிக் பைகள். நசுங்கிய தக்காளி. கோழிக்கூண்டு வைத்திருந்த இடத்தில் ஈரமாய் ஒட்டிக் கிடக்கும் இறகுகள். தலைக்கு மேலே தாழ்வாக ஒரு விமானம் போய், அந்தச் சத்தம் அடங்கிய பிறகு... ஒரு நாய்கூடக் குரைக்காது.

அந்த ரோட்டில் இரண்டு பேர் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சத்யபிரியா. என் சிநேகிதி மாளவிகா இருக்கிறாளே, அவளுடைய கூடப் பிறந்த அக்கா. இன்னொருவர் அவள் புருஷன் கதிரேசன். அஸ்தினாபுரத்தில் மாடி போர்ஷன் வீடு. இது மாளவிகா தன் வாயால் சொன்னது. இதில் பாதியை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

கதிரேசனுக்கு மறைமலை நகரில் வேலை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. நைட் ஷிஃப்ட். இரும்பு வார்ப்புகளைத் தூக்கித் தூக்கி வைத்து இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது. உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி, இருமினால் இடது கால் வரைக்கும் மின்னல் இறங்கும். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் லைனில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியாகிவிட்டது. பிசியோதெரபியில் மட்டும் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. முதுகுத் தோலில், பசை உள்ள மெல்லிய வில்லை மாதிரி நாலு பேடை ஒட்டி, மெல்லிசாகக் கரண்ட் விடுவார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். வலியைக் கொண்டுபோகும் நரம்பு ஏமாந்து போகும். டென்ஸ் என்று அதற்குப் பேர். தினமும் அங்கே போய்ப் படுக்க முடியாது. வீட்டிலேயே ஒரு மெஷின் இருந்தால் தேவலை என்றுதான் சந்தைக்கு வந்திருந்தார்கள்.

கடைசிக் கடையும் மூட்டை கட்டிய இடத்தைத் தாண்டி, மதில் ஓரமாக, தார்ப்பாய் விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பாயின் மேல் ஒரு வாக்கர். ஒரு கமோடு சேர். மடித்து வைத்த வாட்டர் பெட். மூத்திரம் பிடிக்கும் பிளாஸ்டிக் குடுவை. அதன் அடியில் மஞ்சள் கறை... நடுவில் ஒரு சின்ன நீலப் பெட்டி.

சத்யபிரியா புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"செத்தவங்க சாமான்ங்க இது. பார்த்தா தெரியல? வாங்க போலாம்."

"இன்னா பிரியா, இதுக்குப் போயி மூஞ்ச சுளிக்கிற? கழுவிட்டா போச்சு." கதிரேசன் அந்த ஆளிடம் குனிந்தார். "அண்ணா, டென்ஸ் மிஷின் தானே அது? ஓடுதா?"

"எங்கப்பாவுது சார். சூப்பரா ஓடும். எட்த்துகினு போ."

"பேடு கீதா?"

"பேடு இல்ல சார். அது மெடிக்கல்ல தனியா வாங்கி..."

சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தவர் அப்படியே உறைந்துபோனார். மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல், உள்ளங்கை அளவில் நாலு பேடு வரிசையாக ஒட்டியிருந்தது. அவர் டப்பென்று மூடியை மூடினார். ஒரு நியூஸ் பேப்பரைக் கிழித்து, கையில் படாமல் பெட்டியைச் சுற்றி, கதிரேசன் கையில் திணித்தார். பேரம் பேசவில்லை. கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. மிச்ச சாமானையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, தார்ப்பாயை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, காலை பத்து மணி. நல்ல வெளிச்சம். கீழே கீரைக்காரம்மாவின் குரல். ஷிஃப்ட் ஆளுக்குப் பகல்தானே ராத்திரி... ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கதிரேசன் குப்புறப் படுத்தார். முதுகு அவருக்கு எட்டாது. சத்யபிரியாதான் ஒட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் தாளிலிருந்து முதல் பேடை உரித்தாள். ச்...ச்...சப். அந்தச் சத்தமே பிடிக்கவில்லை அவளுக்கு. திருப்பிப் பார்த்தாள். பசையில் சாம்பல் நிறத்தில் தோல் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. மூன்று நரைமுடி. சுருண்டு, புதைந்து.

"ஐயோ, கருமம்... எனக்கு வேண்டாம்பா இது."

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு ஒட்டு. சும்மா ட்ரை பண்ணிப் பார்க்கலாம். புதுசு நாளைக்கு வாங்கிக்கலாம்."

துடைத்தாள். முடியை ஊசியால் நெம்பி எடுத்தாள். பிசியோவில் வைக்கிற பேடு முதலில் தோலில் படும்போது சில்லென்று இருக்குமாம். இது அப்படி இல்லை. வெதுவெதுவென்று இருந்தது. இப்போதுதான் யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த மாதிரி...

நாலையும் ஒட்டி, வயரைச் சொருகி, குமிழைக் கொஞ்சம் திருப்பினாள்.

"ஆஹ்..." என்றார் கதிரேசன். ஒரே ஒரு மூச்சு. "போயிடுச்சு பிரியா. சுத்தமா போயிடுச்சு."

நாலு மாதத்தில் முதல் தடவையாக வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். சத்யபிரியா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அருவருப்பையெல்லாம் அப்போதைக்கு விழுங்கிவிட்டாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. வேலைக்குப் போனார். பஸ்ஸில் உட்கார்ந்தே போனேன் என்று சின்னப் பையன் மாதிரி சொன்னார். காலையில் வந்து குளித்துவிட்டுப் படுப்பார். "ஒட்டு" என்பார். இவள் ஒட்டுவாள். அரை மணி நேரம் என்பது இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு, பகல் முழுக்க ஆனது.

ஆனால்... தினமும் முடி இருந்தது. இன்று ஸ்பிரிட் போட்டு வழித்துத் துடைத்து வைத்தால், நாளைக்குப் பசையில் புதிதாக இரண்டு நரைமுடி. கதிரேசன் முதுகோ மொழுமொழுவென்று இருக்கும். வயதும் முப்பத்தெட்டுதான்.

சாதாரணமாக அந்தப் பசை பேடு இருபது தடவை ஒட்டினால் காய்ந்துவிடும். இது காயவில்லை. நாளுக்கு நாள் ஈரம் கூடியது. தடிமனும் கூடியது. முதலில் அட்டை மாதிரி இருந்தது, மூன்றாவது வாரம் அடை மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாடை வேறு. டெட்டால் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. புண்ணில் கட்டின துணியை நாலு நாள் கழித்து அவிழ்த்தால் வருமே... இனிப்பாக... அது. சோப்பு போட்டுக் கழுவினாலும் சத்யபிரியாவின் விரல் இடுக்கில் நின்றது. சோறு பிசையும்போது வந்தது. அவள் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒருநாள் பேடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பசைப் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத்தானே இருக்க வேண்டும்? இதில் கோடு கோடாகச் சுருக்கம். பொடிப்பொடியாகத் துவாரம். ஓரத்தில் ஒரு மரு. அந்த மருவிலிருந்து ஒரு முடி.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அதன் மேல் வைத்தாள். ஸ்பிரிட் குளிர்ச்சியாக இருக்கும் இல்லையா...

பேடு புல்லரித்தது.

அவள் கண் முன்னால், அந்தத் துவாரமெல்லாம் ஒவ்வொன்றாய்ப் புடைத்து எழுந்து, மரு முடி நட்டுக்கொண்டு நின்றது.

பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைக்கூடத் துடைக்காமல் வந்து, நாலு பேடையும் கேரி பேக்கில் போட்டு முடிந்து, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு, வரும் வழியில் மெடிக்கலில் புதுப் பேடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை கதிரேசன் படுத்ததும் புதுசை ஒட்டினாள். குமிழைத் திருப்பியதுதான் தாமதம், அவர் அலறிய அலறலில் கீழ் போர்ஷன் கதவு திறந்தது. கரண்ட் போய்க்கொண்டே இருந்தும் வலி பழையதை விட இரண்டு மடங்கு. புதுப் பேடையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க போட்ட?"

"எதைங்க?"

"பிரியா. எங்க போட்ட?"

அவள் வாய் திறப்பதற்குள் சட்டைகூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டார். பத்தரை மணி வெயில். பள்ளிக்கூட வேனிலிருந்து டிரைவர் எட்டிப் பார்க்கிறான். இவர் தொட்டிக்குள் இடுப்பு வரைக்கும் குனிந்து, இரண்டு கையாலும் கிளறுகிறார். பால்கனியிலிருந்து சத்யபிரியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்பி வரும்போது கையில் நாலு பேடு. மீன் செதில் ஒட்டியிருந்தது. டீத்தூள். யாருடையதோ சீப்பில் சிக்கிய முடி. ஒரு பேடின் மேல் சின்னப் புழு ஒன்று நெளிந்தது.

"கழுவிட்டாவது தரேன்... குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. ஹாலில் நின்றபடியே கையைப் பின்னால் கொண்டுபோனார். அந்த மனிதரால் பனியன் கழற்றவே முடியாது. அவருடைய கை, முழங்கைக்கு மேலே வேறு பக்கமாக மடங்கி, முதுகின் நடுவில் வந்து, ஒவ்வொரு பேடாக, அச்சு பிசகாமல், பழைய இடத்தில் ஒட்டியது. சப். சப். சப். சப்.

அதற்குப் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை.

மெஷினும் தேவைப்படவில்லை. வயரை உருவி, பேட்டரியையும் கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். அப்படியும் முதுகுச் சதை துடித்தது. விநாடிக்கு ஒரு தடவை. விட்டு விட்டு... விட்டு விட்டு...

நாலாம் நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மாளவிகாவும் வந்து, இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் லுங்கியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். இடுப்பு எலும்பு முடிகிற இடத்தில் ஒரு புண். ஐந்து ரூபாய் நாணயம் உள்ளே போகும். விளிம்பு கறுத்து, நடுவில் மஞ்சளாய்...

"படுக்கைப் புண்ணும்மா இது. எத்தனை மாசமா படுத்த படுக்கையா இருக்காரு?"

"போன வாரம் வரைக்கும் நைட் ஷிஃப்ட் போயிட்டு வந்தாரு டாக்டர்."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கிளவுஸ் போட்ட விரலால் பேடின் ஓரத்தை நெம்பிப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்தார். கிளவுஸைக் கழற்றி, வேறு போட்டு, அதையும் கழற்றி, போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மறுநாள் கூட்டிப் போகலாம் என்று வீட்டுக்கே திரும்பினார்கள்.

அன்று மத்தியானம்தான் முதல் தடவையாக அந்தக் குரல் கேட்டது. அக்காவும் தங்கையும் ஹாலில் இருக்கிறார்கள். உள்ளே கதிரேசன் மட்டும். ஆனால் குரல் அவருடையது இல்லை. பல் இல்லாத வாய்க் குரல். சளி கட்டிய குரல்.

"திருப்பிப் போடும்மா... தையலு... திருப்பிப் போடும்மா..."

மாளவிகா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கா தையலு?"

சத்யபிரியாவுக்குத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து அந்த மெஷினை எடுத்துப் புரட்டினாள். பின்னால் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தது. அதில் பால்பாயிண்ட் பேனாவில், 'ஜான்சி, பிசியோ' என்று எழுதி ஒரு போன் நம்பர்.

அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். சத்யபிரியா பல்லாவரம் சந்தை என்று ஆரம்பித்து, நீலப் பெட்டி என்றதும், அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கை தவறி விழும் சத்தம்.

"ஹலோ... மேடம்?"

"சொல்லுங்கக்கா. கேட்டுட்டுதான் இருக்கேன்."

"தையலுன்னு யாரு மேடம்?"

ஜான்சி சொன்னது இதுதான். திருநீர்மலைப் பக்கம் ஜெயவேலு என்று ஒரு பெரியவர். பாத்ரூமில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கை. மகள் தையல்நாயகிதான் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் ஆகாதவள். மணிக்கூண்டு மாதிரி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவைத் திருப்பிப் போடுவாள். இரவிலும் அலாரம் வைத்து எழுந்து போடுவாள். பெரியவர் உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது. வீட்டுக்கே வந்து வலிக்குச் சிகிச்சை செய்தது ஜான்சி. அந்த மெஷினை வாங்கச் சொன்னதும் அவள்தான்.

"போன மழைக்கு அந்தக்கா டெங்குல போயிட்டாங்க. பத்தே நாள். அப்புறம் அவங்க தம்பி தயாளன் வந்து இருந்தாரு. அப்பா கத்துறாரு, அக்கம் பக்கத்துல சத்தம் போடறாங்கன்னு சொன்னாரு. எனக்கு அண்ணன் கல்யாணம், ஊருக்குப் போகணும். மிஷினை எப்படி வைக்கிறதுன்னு நான்தான்கா அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். அரை மணி நேரம்தான் வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

ஜான்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஒன்பது நாள் கழிச்சு வந்து பார்க்கறேன்... வீடு வெளியே பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல சாவி வாங்கித் திறந்தேன். குமிழ் ரெண்டும் ஃபுல்லா வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு. காலையில வெச்சா ராத்திரி வந்துதான் அணைப்பாராம். பேடை எடுக்கறதே இல்ல. அப்பா சத்தம் போடலன்னு அவரு பாட்டுக்கு இருந்திருக்காரு. ஒரு தடவைகூடத் திருப்பிப் போடல. முதுகு மொத்தமும்... நான் ஒரு பேடைப் பிடிச்சு இழுத்தேன்கா. பேடு வரல. தோல்தான் வந்துச்சு. 'எடுக்காதம்மா, எடுத்தா வலிக்கும்'னாரு. ரெண்டாம் நாள் போயிட்டாரு."

சத்யபிரியா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பேடுதான் மேடம் இப்ப எங்க வீட்டுக்காரர் முதுகுல..."

"இல்லக்கா." ஜான்சி மெதுவாகச் சொன்னாள். "மிஷின் சரி. பேடு இருக்க முடியாது. கடைசி வரைக்கும் எடுக்க முடியல. வயரை மட்டும் உருவிட்டு, நாலு பேடோடதான் குளிப்பாட்டினாங்க. அதோடதான் எரிச்சாங்க. நான் அங்கதான் நின்னேன்."

சத்யபிரியா போனை வைத்தாள். உள்ளே குரல் நிற்கவில்லை. திருப்பிப் போடும்மா... திருப்பிப் போடும்மா...

மாளவிகா யாராவது மந்திரிக்கிறவரைக் கூப்பிடலாம் என்றாள். மாதா கோயிலுக்குப் போகலாம் என்றாள். சத்யபிரியா எழுந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள். மூக்கில் தைலத்தைத் தடவிக்கொண்டு, துப்பட்டாவால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டினாள்.

"வெந்நீர் போடு" என்றாள் தங்கையிடம்.

உள்ளே போய் ஒரு கையைக் கதிரேசன் தோளுக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்தாள். கனத்தது. கதிரேசனுடைய கனம் இல்லை. தண்ணீரில் ஊறிய மூட்டையின் கனம். மூச்சைப் பிடித்துப் புரட்டினாள். படுக்கை மேல் ஈரமாய் ஒரு ஆள் அளவுக்குக் கறை இருந்தது. வாடை துப்பட்டாவையும் தைலத்தையும் தாண்டி உள்ளே வந்து நாக்கில் உட்கார்ந்தது. துப்பட்டாவை இறக்கி, பக்கெட்டில் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டாள்.

"ஹா..." என்றது அந்தக் குரல். "இந்தப் பக்கம் காத்து வருது..."

கை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு. பிறகு, தன்னையறியாமல், "வருதா? சரிப்பா, படுங்க" என்றாளாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. போனில் அலாரம். திருப்ப வேண்டும், வெந்நீரில் துணியை முக்கித் துடைக்க வேண்டும், புண்ணில் மருந்து வைக்க வேண்டும். துடைக்கத் துடைக்கத் துணியில் தோல் வழுவழுவென்று சுருண்டு வந்தது. கதிரேசன் தோல் இல்லை. அடியில் அவருடைய தோல் பத்திரமாகத்தான் இருந்தது. மேலே ஏதோ ஒன்று, கொதித்த பாலில் ஏடு படிகிற மாதிரி, படிந்து படிந்து வந்தது. மாளவிகா பேசினைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இன்னிக்கும் எனக்குப் பால் குடிக்க முடியாது" என்கிறாள்.

பேடின் மேல் மட்டும் சத்யபிரியா கை வைக்கவில்லை. எடுக்காதம்மா என்று சொன்னவரிடம் எதற்கு இழுக்க வேண்டும்? சுற்றி எண்ணெய் மட்டும் தடவினாள்.

மூன்றாம் நாள் காலை, பத்து மணித் திருப்பலில், முதல் பேடு தானாகக் கழன்று விழுந்தது. இரத்தம் குடித்த அட்டை விழுவது போல. பொத்தென்று. அடுத்த திருப்பலில் இரண்டு. மாலை நாலு மணிக்குக் கடைசி. தரையில் பசைப் பக்கம் மேலே இருக்க, நாலும் கிடந்து துடித்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் துடிப்பு நின்றது.

கதிரேசன் கண் திறந்தார். "பிரியா... இடுப்பு வலிக்குதுடி" என்றார். அவருடைய குரல். அவருடைய வலி. அந்த வார்த்தையைக் கேட்டு அவள் கும்பிட்டுவிட்டாள்.

அன்றே ஜான்சியை வரச் சொல்லி, மூன்று பேருமாகப் பெரியவரை எரித்த இடத்துக்குப் போனார்கள். பேடை இடுக்கியால் எடுத்து ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டிருந்தாள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தாள். பிளாஸ்டிக் எரிகிற வாடையே வரவில்லை. முடி பொசுங்கிய வாடை. கொழுப்பு உருகிப் படபடவென்று தெறிக்கிற சத்தம். ஜான்சி கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். சத்யபிரியா எரிந்து முடிகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. சாம்பலை அங்கேயே தண்ணீரில் கரைத்துவிட்டு, மெஷினையும் கல்லில் அடித்து உடைத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கதிரேசன் புண் ஆறிவிட்டது. கம்பெனியில் தூக்குகிற வேலை இல்லாமல் செக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். ஜான்சியே வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். இடுப்பு வலி இருக்கிறது, ஆனால் தாங்கிக்கொள்கிற வலி. நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. யாரோ ரொம்ப அன்பாகப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்வார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்...

நேற்று மாளவிகாவுக்கு அக்கா போன் பண்ணியிருக்கிறாள்.

கதிரேசன் பகலில் தூங்கும்போது புரண்டு படுக்கிறார். எல்லோரும்தான் புரண்டு படுக்கிறோம். ஆனால் அவர் சரியாகப் பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி... கடிகாரம் பார்த்தது போல். போன வாரம் சத்யபிரியா பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாளாம். அவராகப் புரளவில்லை. கை கால் எதுவும் அசையவில்லை. குறட்டைகூட நிற்கவில்லை. தோளுக்குக் கீழே மெத்தை ஒரு கை அகலத்துக்கு அமுங்கியது. இடுப்புக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு அமுங்கியது. அப்புறம் ஆள் மெதுவாக எழும்பித் திரும்பினார். லுங்கியின் சுருக்கத்தை எதுவோ நீவிவிட்டது. பக்குவமாக... அப்பாவைத் திருப்பித் திருப்பிப் பழகின கை மாதிரி.

கெடுதல் ஒன்றும் செய்யவில்லையே என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் அசதியில் அவளும் அவர் பக்கத்தில் படுத்துக் கண்ணயர்ந்திருக்கிறாள். இரண்டு மணி இருக்கும். விழிப்பு வந்தது. உடம்பை அசைக்க முடியவில்லை. அவர் அந்தப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கட்டிலைச் சுற்றி, இந்தப் பக்கம்... செருப்பில்லாத காலடி.

அவளுடைய தோளுக்குக் கீழே ஒரு கை நுழைந்ததாம்.

வெந்நீரில் துணி பிழிந்த கை மாதிரி, ஈரமாக இருந்ததாம்.